எமன் வேடம் கட்டிய புலவர்: சங்கரதாஸ் சுவாமிகளின் நடிப்புக் காலம்

சங்கரதாஸ் சுவாமிகள் என்றதும் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி என்று அவர் எழுதிய நாடகங்களின் பெயர்கள்தான் வரிசையாக வரும். அவரைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றினார் அவருடைய மாணவரான நடிகர் டி.கே. சண்முகம். அந்தப் பெயரே நிலைத்தும் விட்டது. ஆனால் ஆசிரியராக அமர்வதற்கு முன்னால் அவர் நடிகர். முகத்தில் அரிதாரம் பூசி, தலையில் கிரீடம் வைத்து, விடிய விடிய மேடையில் நின்று பாடியவர். அந்தக் காலத்தைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. இரண்டு திகில் கதைகளோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். அவருடைய நாடகங்கள் ஏன் அப்படி அமைந்தன, நூறு வருடம் தாண்டியும் கிராமத்து மேடைகளில் ஏன் நிற்கின்றன என்று கேட்டால், அதற்கான விடை அவர் வேடம் கட்டிய ஆண்டுகளில்தான் இருக்கிறது என்பேன்.

அவர் பிறந்தது 1867 செப்டம்பர் 7-ஆம் தேதி, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல்தான். அதுவரை அந்தப் பகுதியெல்லாம் திருநெல்வேலி ஜில்லா. அப்பா தாமோதரத் தேவர் இராமாயணத்தில் நல்ல புலமை உள்ளவர், ஊரில் அதற்காகவே மதிக்கப்பட்டவர். பிள்ளைக்கு முதல் பாடம் அவரிடம்தான். அப்புறம் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் போய்ப் படித்தார். தண்டபாணி சுவாமிகளும் திருநெல்வேலியில் பிறந்தவரே. சந்தப் பாட்டில் அவருக்கு நிகர் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை என்று சொல்லும் அளவுக்குப் பாடிக் குவித்தவர். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கே சங்கரதாஸுக்கு உடன் படித்தவர். பிற்காலத்தில் அவரும் நாடகத்துக்கே வந்து சேர்ந்தார்.

படித்து முடித்த பையனுக்கு ஒரு வேலை வேண்டுமே. தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். வெண்பாவும் கலித்துறையும் கையில் இருக்க, பகலெல்லாம் உப்பு மூட்டைக் கணக்கு. இருபத்து நான்காம் வயதில் அதை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கணக்குப் போட்டால் 1891.

அந்த வருடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அச்சாகி வந்ததும் 1891-இல்தான். சுந்தரம் பிள்ளை திருநெல்வேலியில் ஆசிரியராக இருந்தவர். பிற்பாடு திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தவர். இன்றைக்குத் திருநெல்வேலிப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. லிட்டன் பிரபு எழுதிய ஓர் ஆங்கிலக் கதையை எடுத்துக்கொண்டு, அகவலில் எழுதிய பெரிய நாடகம் அது. படிப்பதற்கென்று எழுதப்பட்டது, மேடைக்கு ஏற்றுவது கஷ்டம். அதே 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வு நேரத்தில் கூடி நடிக்கும் சபை அது. நாடகம் என்றால் கௌரவக் குறைவு என்ற எண்ணத்தை உடைத்ததில் அந்தச் சபைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக ஒரே வருடத்தில் தமிழ் நாடகம் மூன்று பக்கமாகப் பிரிந்து போனது. ஒன்று புத்தகத்துக்குள் போனது, ஒன்று படித்தவர்களின் சபைக்குப் போனது, மூன்றாவது வயிற்றுப்பாட்டுக்காக ஊர் ஊராகச் சுற்றும் கம்பெனியில் போய்ச் சேர்ந்தது. மூன்றிலும் அதிகமாகப் பழிக்கப்பட்டது கம்பெனி நாடகம்தான். கூத்தாடி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். முறையாகத் தமிழ் படித்த ஒருவர், மாதச் சம்பளம் வரும் வேலையை உதறிவிட்டு அந்தக் கூட்டத்தில் போய் நின்றது சின்ன விஷயமில்லை.

முதலில் அவர் சேர்ந்தது இராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் நாடக சபை. பிறகு சாமி நாயுடுவின் சபை. நடிப்போடு பாட்டு எழுதுவது, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் சேர்ந்தே நடந்தது.

அந்நாளைய கம்பெனி மேடை எப்படி இருந்தது என்பது தெரிந்தால்தான் அவர் செய்ததன் அருமை புரியும். ஒலிபெருக்கி கிடையாது. எண்ணெய் விளக்கு, வசதி இருந்தால் காஸ் விளக்கு. பெண் வேடங்களைப் பெரும்பாலும் ஆண்களே கட்டினார்கள். நாடகம் என்பது விருத்தம், வெண்பா, கலித்துறை, சிந்து, தரு என்று பாட்டுகளின் கோவையாகத்தான் இருந்தது. நடிகர் ஒரு பாட்டைப் பாடுவார், பின்பாட்டுக்காரர் அதைத் தாங்கிப் பிடிப்பார். அந்தப் பாட்டின் பொருளை நடிகரே வசனமாகச் சொல்லி விளக்க வேண்டும். வசனம் எழுதியிருக்காது, அவரவர் திறமைதான். திறமை இருப்பவர் மேடையில் நின்றால் நாடகம் நிமிரும். இல்லாதவர் வந்தால் வாய்க்கு வந்ததைப் பேசுவார், எதிரே நிற்பவர் அதற்கு இன்னொன்று பேசுவார், கதை எங்கோ போய்விடும். சில சமயம் ஆபாசத்திலும் போய் முடியும். இதையெல்லாம் சபையில் உட்கார்ந்து பார்த்து முகம் சுளிப்பது ஒன்று. மேடையில் நின்றுகொண்டு, எதிராளி உளறும்போது அவன் விட்ட நூலைப் பிடித்துக் கதையைத் திரும்ப இழுத்து வருவது வேறு. சங்கரதாஸ் இரண்டாவதைச் செய்தவர்.

அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த வேடங்கள் நான்கு: எமதருமன், இரணியன், இராவணன், சனீஸ்வரன். பட்டியலைப் பார்த்தாலே ஆள் எப்படி இருந்திருப்பார் என்று தெரிகிறது. நல்ல உயரம், கனத்த குரல், தமிழ் தடுக்காத நாக்கு. ஸ்ரீராமனுக்கோ நளனுக்கோ அவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த வேடங்களைப் பற்றித்தான் இரண்டு கதைகள் இன்றுவரை சொல்லப்படுகின்றன. சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாக வந்து அலறிப் பாசக்கயிற்றை வீசியபோது, சபையில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டது என்பது ஒன்று. நளதமயந்தியில் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது, துணி வெளுக்க வந்த ஒரு பெண் அந்தக் கோலத்தைப் பார்த்துப் பயந்து விழுந்து இறந்துபோனாள் என்பது இன்னொன்று. சொல்பவருக்குத் தக்கபடி விவரங்கள் மாறும். இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு இனி வேடம் கட்டுவதில்லை என்று அவர் முடிவெடுத்தார் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.

இந்தக் கதைகளை நடிப்பின் பெருமைக்குச் சான்றாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கிறது, இன்னொருத்தியின் குழந்தை போயிருக்கிறது என்றால் அது கைதட்ட வேண்டிய சேதி அல்ல. சங்கரதாஸும் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவர் ஒதுங்கிப்போனதிலிருந்தே தெரிகிறது. ஆனால் அப்படி ஒரு பயம் எப்படி வந்தது என்று கேட்கலாம். தெக்கத்திச் சீமையில் பிறந்தவர்களுக்கு இது விளங்காத விஷயமில்லை. சுடலைமாடன் கோயில் கொடையில் நடுச்சாமத்தில் வில்லுப்பாட்டு ஏறி வரும். இன்னொரு பக்கம் கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோல்கருவி அதிரும். சாமியாடி ஓங்காரம் போட்டு எழுந்து, பந்தத்தோடு வேட்டைக்குப் புறப்படுவார். அவர் நமக்குத் தெரிந்த பக்கத்து வீட்டு மாமாதான். ஆனால் அந்த நேரத்தில் அவர் மாமா இல்லை, சுடலை. ஊரே ஒதுங்கி வழிவிடும். அப்படிப் பார்த்துப் பழகிய ஜனங்களின் முன்னால், மங்கலான வெளிச்சத்தில், கறுப்பு வேடத்தில் ஒரு பெரிய ஆள் பாசக்கயிற்றோடு வந்து நின்றால், அவர்கள் பார்த்தது நடிகரை அல்ல. சங்கரதாஸும் அந்த மண்ணில்தான் வளர்ந்தார். எந்தக் குரலில் கூப்பிட்டால் ஜனங்கள் நடுங்குவார்கள் என்பது அவருக்குப் புத்தகம் சொல்லித்தந்ததாக இருக்காது.

மேடையை விட்டவர் துறவியைப் போல ஊர் ஊராக, கோயில் கோயிலாகத் திரிந்தார். சுவாமிகள் என்ற பெயர் அதிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது. கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்படித் திரிந்தவரைப் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை சந்தித்து, தன் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார். தாள நுட்பங்களை அங்கேதான் சுவாமிகள் ஆழமாகக் கற்றார். திருப்புகழின் கடினமான சந்தங்களைத் தாளம் பிசகாமல் பாடிக் காட்டும் அளவுக்குத் தேர்ந்தார். தண்டபாணி சுவாமிகள் கொடுத்த சந்தத்துக்குப் புதுக்கோட்டையில் தாளம் கிடைத்தது. மறுபடி நாடகத்துக்குப் போ என்று தள்ளிவிட்டவரும் மான்பூண்டியா பிள்ளைதான் என்பார்கள். இந்த முறை வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேஸ்வரையர், பி.எஸ். வேலு நாயர் ஆகியோரின் சபைகளில் ஆசிரியராக இருந்தார். அரிதாரம் பூசவில்லை.

இனி அவர் எழுதியதைப் பார்ப்போம். சத்தியவான் சாவித்திரியில் எமன் வந்து உயிரைக் கொண்டுபோகிறான். சாவித்திரி பின்னாலேயே போய்ப் பேசிப் பேசி வரம் வாங்குகிறாள். பிரகலாதனில் இரணியனும் அவன் மகனும் மோதுகிறார்கள். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்தில் நாரதர் வந்து வள்ளியோடு தர்க்கம் செய்கிறார். வேலன் வந்து வள்ளியோடு தர்க்கம் செய்கிறார். பார்த்தால் எல்லா நாடகத்திலும் உச்சம் ஒரு வாதத்தில்தான் இருக்கிறது. சண்டை, வதம், கல்யாணம் எல்லாம் அதற்கு அப்புறம் ஓடிவந்து முடியும் காரியங்கள். ஜனங்கள் விழித்திருந்து கேட்பது தர்க்கத்தைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, சுவாமிகள் நடித்த வேடங்களெல்லாம் வாதத்தில் தோற்கும் வேடங்கள். எமன் ஒவ்வொரு இரவும் சாவித்திரியிடம் தோற்றாக வேண்டும். இரணியன் சொந்த மகனிடம் தோற்றாக வேண்டும். தோற்கப் போகிறவனாக மேடையில் நிற்கும் நடிகருக்கு ஓர் உண்மை சீக்கிரம் பிடிபடும்: தான் பலமாக இருந்தால்தான் எதிரே நிற்கிறவள் ஜெயிப்பதற்கு ஒரு மதிப்பு. எமன் சொத்தையாகப் பேசினால் சாவித்திரியின் கற்புக்கும் புத்திக்கும் என்ன பெருமை? அதனால்தான் அவருடைய நாடகங்களில் எதிர்த்தரப்புக்கும் நல்ல தமிழ் இருக்கிறது. எமன் நீதி பேசுகிறான். இரணியன் தன் பக்க நியாயத்தை விருத்தத்தில் கம்பீரமாக நிறுத்துகிறான். நாரதர் கேட்கும் கேள்வி வள்ளியை உண்மையிலேயே மடக்குகிறது. கதாநாயகனை மட்டும் நினைத்து எழுதும் ஆசிரியருக்கு இந்த நியாயம் வராது. மேடையின் அந்தப் பக்கம் நின்று பழகிய உடம்புக்குத்தான் வரும்.

வசனத்திலும் அப்படித்தான். பாட்டுக்கு நடுவே நடிகர் வாய்க்கு வந்ததைப் பேசும் பழக்கத்தை அவர் வசனம் எழுதிக் கட்டுப்படுத்தினார். ஆனால் முழுக்க அடைக்கவில்லை. தர்க்கக் காட்சிகளில் நடிகர் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட இடம் விட்டே எழுதினார். நடித்தவர் என்பதால், எதை எழுதித்தர வேண்டும், எதை நடிகரிடம் விட வேண்டும் என்ற அளவு அவருக்குத் தெரிந்திருந்தது. பம்மல் முதலியாரின் உரைநடை நாடகங்களைப் போலவோ மனோன்மணீயத்தைப் போலவோ இல்லாமல், எழுத்தறியாத ஒரு நடிகரும் காதால் கேட்டு மனப்பாடம் செய்து மேடையேற்றக்கூடிய நாடகங்கள் இவருடையவை. புராணக் கதைகளோடு ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டையும் எடுத்து எழுதிப் பார்த்தார். புதியதில் ஆர்வம் இல்லாதவர் அல்ல.

பெரியவர்களை வைத்து நாடகம் நடத்துவதில் உள்ள ஒழுங்கீனமும் போட்டியும் சலித்துப்போய்ச் சிறுவர்களைப் பயிற்றுவிக்கும் பக்கம் திரும்பினார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபை. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. சண்முகமும் அவர் சகோதரர்களும், அதாவது டி.கே.எஸ். சகோதரர்கள், சேர்ந்தது இந்த இரண்டாவது சபையில்தான். அபிமன்யு சுந்தரி நாடகத்தை சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததைச் சண்முகம் வியந்து பதிவு செய்திருக்கிறார். பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை கடுமையானது. வீட்டை விட்டு வந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள், விடியற்காலைப் பாட்டுப் பயிற்சி, பாடம் தப்பினால் அடி. அதை இனிப்பாகப் பூசிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடுத்த ஐம்பது வருடத் தமிழ் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் நடிகர்களைக் கொடுத்தது அந்தக் கம்பெனிகள்தான் என்பதும் உண்மை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் செங்கோட்டையிலிருந்து வந்தார். 1906 ஆகஸ்ட் 25-இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. 1956-இல்தான் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது, இன்று தென்காசி மாவட்டம். ஆறு வயதில் சுவாமிகளின் சபையில் மேடையேறியவர், அண்ணன் தம்பிகளும் நாடகக்காரர்கள். குருகுலத்தில் உட்கார்ந்து சங்கீதம் படித்தவரில்லை, மேடைதான் அவருக்குப் பாடசாலை. பையன்களுக்கு மகரக்கட்டு உடையும், அதாவது குரல் உடைந்து மாறும் வயதில் பலருடைய மேடை வாழ்வே முடிந்துவிடும். கிட்டப்பாவுக்கு அதற்குப் பிறகும் உச்சஸ்தாயி அப்படியே நின்றது. பிறகு கன்னையா கம்பெனிக்குப் போய், பெரிய காட்சி ஜோடனைகளோடு நடந்த தசாவதாரம் நாடகத்தில் மோகினியாகவும் பரதனாகவும் நடித்தார். 1926-இல் இலங்கையில் கே.பி. சுந்தராம்பாளோடு சேர்ந்து நடித்தது, அடுத்த வருடம் அவர்கள் திருமணம், 1933 டிசம்பர் 2-இல் இருபத்தேழே வயதில் அவர் மரணம், இதெல்லாம் ஊரறிந்த கதை. இன்றைக்கு அவரை இசைத்தட்டில் கேட்கிறவர்கள் பாடகர் என்றே நினைக்கிறார்கள். அந்தக் குரல் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்காகப் பழக்கப்பட்ட குரல். வள்ளியோடு வாதாடும் வேலனுடைய குரல்.

பழைய நாடகத்துக்குள் நிகழ்காலம் எப்படி நுழைந்தது என்பதற்கு இன்னொரு மாணவரைச் சொல்ல வேண்டும். எஸ்.எஸ். விஸ்வநாததாஸ், 1886-இல் சிவகாசியில் பிறந்தவர். சிவகாசியும் அந்த நாளில் திருநெல்வேலி ஜில்லாதான். வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் காட்சி வரும். பறவைகளை விரட்ட வேண்டும். அங்கே வேலனாக நின்றுகொண்டு, மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய "கொக்குப் பறக்குதடி பாப்பா" என்ற பாட்டைப் பாடுவார். வெள்ளைக் கொக்கு யார் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும், காவலுக்கு நிற்கும் போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறைக்குப் போனார். முடி திருத்தும் மருத்துவர் சாதியில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். அதையும் தாங்கிக்கொண்டே நடித்தார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. சுவாமிகள் தர்க்கத்துக்கு விட்டுவைத்த இடம் இருந்ததால்தான் நாடகத்தின் ஒரு வரியையும் மாற்றாமல் சுதந்திரப் போராட்டத்தை அதற்குள் கொண்டுவர முடிந்தது. புதுசாகச் சமூக நாடகம் எழுதியவர்கள் உண்டு. ஆனால் புராண நாடகத்தையே சமகால நாடகமாக்கியது விஸ்வநாததாஸின் சாதனை.

சுவாமிகள் கடைசிக் காலத்தில் பக்கவாதத்தால் பேச்சும் எழுத்தும் முடங்கிப்போய், 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர்தான்.

கம்பெனிகள் போய்விட்டன. அவருடைய நாடகங்கள் ஸ்பெஷல் நாடகமாக நடக்கின்றன. கதாநாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர், சிரிக்கவைக்கும் பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் வெவ்வேறு இடம். அன்று சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிவாக்கில் ஆரம்பித்து விடியும்வரை வள்ளி திருமணம் நடக்கும். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது சுவாமிகள் கட்டிய பாட்டும் கதைப்போக்கும்தான். புதிதாக வரும் ஒரு நடிகர் வாத்தியாரிடம் பாட்டுகளைப் பாடம் கேட்டுவிடலாம். ஆனால் தர்க்கத்தை யாரும் எழுதித்தர முடியாது. நாரதராக நின்று வள்ளியிடம் பத்து இடத்தில் மடங்கித்தான் அதைக் கற்க வேண்டியிருக்கிறது.

அச்சில் கிடைப்பது சுவாமிகள் எழுதிய பகுதி மட்டும். நடிகர்கள் நூறு வருடமாக அந்த இடைவெளிகளில் பேசிச் சேர்த்த கேள்வியும் பதிலும், குறளும் விடுகதையும், அன்றன்றைக்கு ஊர் நடப்பைப் பிடித்துப் போடும் பேச்சும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் கோயில் விழாக்களில் இன்றும் இந்த நாடகம் போடுகிறார்கள். போகிறவர்கள் பபூன் காமெடியை மட்டும் செல்போனில் எடுத்து அனுப்பாமல், நடுச்சாமத்துக்கு மேல் வரும் அந்தத் தர்க்கத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பதிவு செய்ய வேண்டும். நடிகரிடம் கேட்டு, அவர் பெயரையும் ஊரையும் வாத்தியார் பெயரையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும்.